கோல்ஃபில் 60 யார்டில் வெட்ஜை எப்படி அடிப்பது? முழு அடியும் இல்லை, சிப்பும் (சின்னத் தட்டல்) இல்லை

சேகோக்காரர் (அயோத்தியாப்பட்டணம்):

வணக்கம். நம் பக்கத்தில் கோல்ஃப் ஆடுகிறவர்களைக் விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சில பேரில் யாராவது இதைப் படித்தால் பதில் போடுங்கள்.

பந்து 100 யார்டில் கிடந்தால் எனக்குக் கவலையே இல்லை. கேப் வெட்ஜை எடுத்து (வெட்ஜ் என்பது குறைந்த தூரத்துக்கு எடுக்கிற, முகம் சாய்ந்த கிளப், அதாவது குச்சி) முழுசாக ஒரு வீச்சு, அவ்வளவுதான். கிரீனை (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) ஒட்டி 10, 15 யார்டில் கிடந்தாலும் எப்படியாவது தட்டி உள்ளே கொண்டுபோய்விடுவேன். இரண்டுக்கும் நடுவில், 35-லிருந்து 75 வரைக்கும்தான் வில்லங்கம். பார் 5-ல் (ஐந்து அடியில் முடிக்க வேண்டிய குழி) முதல் இரண்டு அடியும் அமர்க்களமாகப் போகும், கூட ஆடுகிறவர்கள் சபாஷ் போடுவார்கள், கடைசியில் பந்து கொடிக்கு 55 யார்டில் போய் உட்காரும். அங்கிருந்து ஒன்று, மண்ணை வாரி அடித்துப் பந்து பத்து தப்படி தள்ளி விழும். இல்லை என்றால் பந்தின் வயிற்றிலேயே பிளேடு (வெட்ஜின் விளிம்பு) பட்டு, தலை உயரத்தில் கிரீனைத் தாண்டிப் பின்னால் இருக்கிற பங்கருக்கு, அதாவது மணல் பள்ளத்துக்குப் போகும். சபாஷ் போட்டவர்கள் அப்போது செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பிப்பார்கள். திட்டினால்கூடப் பரவாயில்லை.

என் பையில் இருப்பது: பிட்ச்சிங் வெட்ஜ் 46 டிகிரி, முழு அடிக்கு 112 யார்டு. கேப் வெட்ஜ் 52 டிகிரி, 96 யார்டு. சாண்ட் வெட்ஜ் 56 டிகிரி, 82 யார்டு. எல்லாம் காற்றில் போகும் தூரம் மட்டும், உருண்டு ஓடுவதைச் சேர்க்கவில்லை. 56-க்கு மேலே லாஃப்ட் (முகத்தின் சாய்வு, அந்த டிகிரிதான்) உள்ளது எதுவும் கிடையாது.

பயிற்சிக்கு இடம் இருக்கிறது. ஃபேக்டரிக்குப் பின்னால் மரவள்ளி லாரிகள் வந்து நிற்கிற காலி நிலம், 80 யார்டுக்குக் குறையாது. செம்மண், அங்கங்கே அருகம்புல். அரவை இல்லாத மாதங்களில் லாரி வராது. காலி ஜவ்வரிசிச் சாக்குகளை 30, 40, 50, 60 என்று தப்படி அளந்து விரித்துப் போட்டிருக்கிறேன். வாட்ச்மேன் அண்ணன் பந்து பொறுக்கித் தருவார். சாக்கு மேல விழுந்தா என்ன சார் பரிசு என்று கேட்டார் ஒருநாள். இன்றுவரைக்கும் எனக்குப் பெரிய செலவு எதுவும் வைக்கவில்லை அந்தச் சாக்கு.

ஆடப் போவது கோயம்புத்தூர், இல்லை என்றால் பெங்களூரு. கோடையில் குடும்பத்தோடு கொடைக்கானல் போனால் அங்கே ஒரு ரவுண்டு.

யூடியூபில் ஒருவர் மணிக்கட்டை நன்றாக மடக்கு என்கிறார், அடுத்தவர் மடக்கவே மடக்காதே என்கிறார். எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். குறைந்த தூரத்துக்கு மெதுவாக அடிக்க வேண்டுமா, குறைவாகத் தூக்கி அடிக்க வேண்டுமா? 60 டிகிரி வெட்ஜ் ஒன்று வாங்கினால் தீருமா? அப்புறம், இந்த 55 யார்டுத் தொல்லையே வேண்டாம் என்று இரண்டாவது அடியை வேண்டுமென்றே குறைத்து 95-ல் நிறுத்துவது புத்திசாலித்தனமா?


ஐந்துரோடு:

சார், ரொம்ப யோசிக்காதீங்க. 60 டிகிரி ஒண்ணு வாங்கிப் போடுங்க. முழுசா அடிச்சா உங்க கைக்கு 65, 70 போகும். பாதிப் பிரச்சினை அங்கேயே முடிஞ்சது. பையில 14 குச்சிக்கு மேல வைக்கக் கூடாதுங்கறது விதி, அதனால எதையாவது ஒண்ணை வெளியே எடுக்கணும். 3 வுட்டை (தூரத்துக்கு அடிக்கிற குச்சி) எடுத்துடுங்க, அதை யாரும் ஒழுங்கா அடிக்கிறதில்ல.


காப்பிக்களம் (ஏற்காடு):

தம்பி, கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள்.

நான் பெங்களூரில் ஒரு கோல்ஃப் கிளப்பில் பல வருஷம் கேடியாக, அதாவது ஆட்டக்காரர்களின் பையைத் தூக்குகிறவனாக இருந்தவன். 2009-ல் இந்தியன் ஓப்பனை ஜெயித்த சி. முனியப்பாவும் கேடியாக இருந்து மேலே வந்தவர்தான். நான் அப்படியெல்லாம் வரவில்லை, பை தூக்கிவிட்டு மலைக்குத் திரும்பிவிட்டேன். இப்போது ஒரு எஸ்டேட்டில் காப்பியும் சில்வர் ஓக் மேல் ஏறிய மிளகும் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் 50 யார்டில் மனிதர்கள் என்னென்ன செய்வார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். டாக்டர், வக்கீல், கர்னல், எல்லோரும் செய்வது ஒன்றேதான்.

முதல் கேள்விக்கு நேரடியாகப் பதில்: மெதுவாக அடிப்பது என்று ஒன்று கிடையாது. குறைவாகத் தூக்குங்கள், தூக்கியதைத் தயங்காமல் அடியுங்கள்.

உங்களுக்கு என்ன நடக்கிறது என்றால், பேக்ஸ்விங்கை (கிளப்பைப் பின்னால் தூக்குவதை) 90 யார்டுக்கு எடுத்துவிடுகிறீர்கள். கீழே வரும்போதுதான் ஐயோ இது அதிகம் என்று மண்டையில் உறைக்கிறது. கை பிரேக் போடுகிறது. கை நின்றதும் மணிக்கட்டு அவிழ்ந்து, கிளப்பின் தலை கையை முந்திக்கொண்டு ஓடுகிறது. அப்போது வீச்சின் அடிமட்டம் பந்துக்குப் பின்னால் விழும். அங்கே மண்ணில் குத்தினால் பந்து பத்து தப்படி. மண்ணில் குத்தாமல் தப்பித்து மேலே ஏறுகிற வழியில் பந்தைத் தொட்டால் பங்கர். இரண்டும் வேறு வேறு நோய் என்று நினைத்து இரண்டுக்கும் தனித்தனியாக மருந்து தேடாதீர்கள். நோய் ஒன்றுதான்.

சேலத்திலிருந்து இங்கே ஏறி வர 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்து, உள்ளே நுழைந்ததும் ஆக்ஸிலேட்டரை மிதிப்பவன் அலுங்காமல் வருவான். வளைவுக்குள் போன பிறகு பிரேக்கை மிதிப்பவனின் வண்டியில் பின்சீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறப்பார்கள். வேகத்தைக் குறைக்க வேண்டிய இடம் பேக்ஸ்விங். பந்து இருக்கும் இடம் அல்ல.

நிற்பது எப்படி? கால்களை நெருக்கி வையுங்கள், நடுவே ஒரு ஷூ அகலம் இருந்தால் போதும். பந்து நடுவில். உடம்பின் எடையில் பாதிக்குக் கொஞ்சம் அதிகமாக இடது காலில் (வலது கை ஆட்டக்காரர் என்று எடுத்துக்கொள்கிறேன்). அடி முடியும்வரை அந்த எடை அங்கேயே இருக்கட்டும், பின்னால் போய்த் திரும்பி வர வேண்டாம். கிரிப்பை ஓர் அங்குலம் கீழே இறக்கிப் பிடியுங்கள். அப்புறம் கையால் அடிக்காதீர்கள், நெஞ்சைத் திருப்புங்கள். கை கூடவே வரும். முடிக்கும்போது உங்கள் சட்டைப் பொத்தான் கொடியைப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் நடுவில் நின்றுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

மணிக்கட்டு விஷயம்: வேண்டுமென்றே மடக்கவும் வேண்டாம், விறைப்பாகப் பிடிக்கவும் வேண்டாம். கிளப்பின் எடைக்குத் தானாக எவ்வளவு மடங்குகிறதோ அவ்வளவு. அமெரிக்காவின் ஸ்டீவ் ஸ்ட்ரிக்கர் வெட்ஜ் அடிப்பதைத் தேடிப் பாருங்கள். மணிக்கட்டு வேலை செய்கிறதா என்றே சந்தேகம் வரும், அவ்வளவு அமைதி.

தூக்கும் அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நாசாவில் விஞ்ஞானியாக இருந்துவிட்டு கோல்ஃப் சொல்லிக்கொடுக்க வந்த டேவ் பெல்ஸ் என்பவர் பரப்பியது. இடது கையைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொண்டு 7.30, 9, 10.30 என்று மூன்று இடத்தில் நிறுத்துவது. நாங்கள் கேடிகள் மணியெல்லாம் சொன்னதில்லை. முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்போம். கை அந்த உயரத்துக்குப் போனதும் திரும்பிவிட வேண்டும். பின்னால் எவ்வளவு குறைவாகப் போனாலும் முன்னால் முடிவது தாராளமாக இருக்கலாம். தூரத்தைத் தீர்மானிப்பது பின்னால் போன அளவுதான்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் இடுப்பு என்று நினைப்பது இடுப்பாக இருக்காது. வாட்ச்மேன் அண்ணனிடம் செல்போனைக் கொடுத்து எதிரில் நின்று வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பை தூக்கிய காலத்தில் நான் பார்த்தவரை, எல்லோருடைய இடுப்பும் தோள்பட்டையில்தான் இருக்கும்.

பந்து இல்லாமல் செய்வதற்கு ஒன்று. செம்மண்ணில் கோலமாவால் நேராக ஒரு கோடு போடுங்கள், ஒரு முழ நீளம் போதும். கோட்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கால் வருமாறு நின்று, இடுப்பு அளவு வீச்சு வீசிக்கொண்டே கோடு நெடுக நகருங்கள். கிளப் மண்ணைத் தொட்ட தழும்பு கோட்டின் மேலோ, கொடி இருக்கும் பக்கமோ இருக்க வேண்டும். கோட்டுக்குப் பின்னால் தழும்பு விழுந்தால், பந்து வைத்திருந்தாலும் அதே கதிதான். கோலமாவு பொய் சொல்லாது, கூட ஆடுகிறவர்கள் மாதிரி செல்போனையும் பார்க்காது.

60 டிகிரியைப் பற்றி: பிரேக் போடுகிற கைக்கு லாஃப்ட் அதிகமானால் ஆபத்தும் அதிகம். கொஞ்சம் பின்னால் பட்டாலும் பந்துக்கு அடியில் புகுந்து போய்விடும், பந்து இருந்த இடத்திலேயே குதித்து உட்காரும். முதலில் இருக்கிற மூன்றையும் பழகுங்கள்.


ஐந்துரோடு:

ஐயா சொல்றது சரிதான்னு ஒத்துக்கறேன். என் 60 வாங்கினதிலிருந்து பையிலதான் இருக்கு. வேணும்னா சேகோக்காரர் வந்து எடுத்துட்டுப் போய் அடிச்சுப் பாக்கலாம், காசு வேண்டாம். ஆனா மூணாவது கேள்விக்கு நான் விடமாட்டேன். 95-ல நிறுத்தறதுதான் புத்திசாலித்தனம். 2007 மாஸ்டர்ஸ்ல (அமெரிக்காவுல அகஸ்டாங்கற இடத்துல நடக்கிற பெரிய போட்டி) ஜாக் ஜான்சன் நாலு நாளும் ஒரு பார் 5-லகூட இரண்டாவது அடியில கிரீனுக்குப் போகல. எல்லாத்துலயும் தனக்குப் பிடிச்ச தூரத்துல நிறுத்தி, வெட்ஜ் அடிச்சு, அந்த 16 பார் 5-லயும் சேர்த்து 11 அண்டர், அதாவது பாரைவிட 11 அடி குறைவு. ஜெயிச்சவருக்குப் போடற பச்சைக் கோட்டு அவருக்குத்தான். டைகர் உட்ஸ் அந்த வருஷம் இரண்டாவது இடம்.


ஃபேர்லாண்ட்ஸ் (இப்போது பெங்களூரு):

சேகோ அண்ணா, நான் உங்கள் ஊர்தான், பெங்களூரில் வேலை. டேட்டா பார்ப்பதுதான் பிழைப்பு, அதனால் மூன்றாவது கேள்வியை எனக்கு விடுங்கள்.

கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, அமெரிக்க பிஜிஏ டூரில் (தொழில்முறை ஆட்டக்காரர்களின் போட்டித் தொடர்) அடித்த ஒவ்வோர் அடியையும் பதிவு செய்த ஷாட்லிங்க் தரவை வைத்துக் கணக்குப் போட்டவர். 2011-ல் டூர் அதிகாரபூர்வமாக எடுத்துக்கொண்ட ஸ்ட்ரோக்ஸ் கெயின்டு முறை (ஓர் அடி சராசரியைவிட எவ்வளவு லாபம் என்று பார்ப்பது) அவருடைய வேலையிலிருந்து வந்ததுதான். அவர் கணக்கில், ஃபேர்வேயில் (கிரீன் வரைக்கும் புல் வெட்டிய பாதை) பந்து கிடக்கும்போது ஒரு டூர் ஆட்டக்காரர் குழியில் போட எடுக்கும் சராசரி அடிகள் இப்படி: 100 யார்டிலிருந்து 2.80. 80 யார்டு 2.75. 60 யார்டு 2.70. 40 யார்டு 2.60. 20 யார்டு 2.40.

ஆக, பக்கத்தில் போகப் போக எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது, எங்கேயும் ஏறவில்லை. நடுவில் 50 யார்டு ஒரு பேய்வீடு, அங்கே போனால் 100-ஐவிட மோசம் என்பது புள்ளிவிவரத்தில் இல்லை. ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். 100-க்கும் 60-க்கும் வித்தியாசம் 0.10 அடிதான். 60-க்கும் 20-க்கும் 0.30. அதனால் 95-லிருந்து 55-க்கு முன்னேறுவதற்காகத் தண்ணீர் பக்கமோ பங்கர் பக்கமோ துணிந்து போவது லாபமே இல்லாத வியாபாரம். தடை ஒன்றும் இல்லை, நேரே ஃபேர்வேதான் என்றால் தள்ளி முன்னால் அடியுங்கள். இது டூர் எண். உங்களுக்கு 55 யார்டில் மட்டும் இப்படி மண்ணை வாரும் பழக்கம் இருக்கிறவரை உங்கள் சொந்த எண் வேறு மாதிரி இருக்கலாம். அந்தப் பழக்கத்தைத்தான் காப்பிக்களம் ஐயா சரி செய்கிறாரே.

ஐந்துரோடு அண்ணன் சொன்ன ஜாக் ஜான்சன் கதை உண்மை. ஆனால் அந்த வாரம் அகஸ்டாவில் குளிரும் காற்றும் அப்படி. அவர் ஜெயித்த ஸ்கோர் 289, பாருக்கு ஒன்று மேலே. மாஸ்டர்ஸ் வரலாற்றில் அதைவிட அதிக ஸ்கோரில் யாரும் ஜெயித்ததில்லை, சமமாக மட்டும் 1954-லும் 1956-லும் இருக்கிறது. அகஸ்டாவில் 13-லும் 15-லும் கிரீனுக்கு முன்னால் தண்ணீர் வேறு. தண்ணீர் இருக்கும் இடத்தில் நிறுத்துவது சரி என்பதற்கு அது உதாரணம். அதை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூரில் காய்ந்த ஃபேர்வேயில் 95-ல் நிறுத்த வேண்டியதில்லை.

பயிற்சிக்கு நான் செய்தது: மூன்று வெட்ஜ், மூன்று உயரம், மொத்தம் ஒன்பது தூரம். அதைச் சின்ன அட்டையில் எழுதிப் பையில் ஒட்டிவிட்டேன். என் 54 டிகிரிக்கு முழங்கால் 28, இடுப்பு 45, நெஞ்சு 60, முழு அடி 72. உங்கள் எண் இதுவாக இருக்காது, நீங்களே அளக்க வேண்டும். அளக்கும்போது பந்து முதலில் தரையைத் தொட்ட இடத்தை அளங்கள், நின்ற இடத்தை அல்ல. உங்கள் செம்மண் தரையில் அது எங்கே போய் நிற்கும் என்பதற்குக் கணக்கே கிடையாது. ஒவ்வோர் உயரத்துக்கும் நல்ல அடிகளின் நடுவான இடத்தை எடுங்கள், எல்லாவற்றையும்விட தூரம் போனதை எடுக்காதீர்கள். நம் எல்லோருக்கும் அந்த ஒன்றுதான் நினைவில் நிற்கும்.


சேகோக்காரர்:

எல்லோருக்கும் நன்றி. கோலமாவு வாங்கி வரச் சொன்னதும் வீட்டம்மா ஒரு மாதிரி பார்த்தார், பரவாயில்லை.

தழும்பு எல்லாம் கோட்டுக்குப் பின்னால் நாலு விரல் தள்ளித்தான் விழுந்தது. எடையை இடது காலிலேயே வைத்துக்கொண்டு வீசியதும் கோட்டுக்கு நெருங்கி வந்தது. நெஞ்சைத் திருப்பி முடித்தபோதுதான் கோட்டைத் தாண்டி முன்னால் போனது. அந்தச் சத்தமே வேறு. முன்பு மண்வெட்டி விழுகிற மாதிரி தொம் என்று கேட்கும். இப்போது சர்ரென்று உரசிக்கொண்டு போகிறது.

வீடியோவும் எடுத்தோம். ஐயா சொன்னதேதான், நான் இடுப்பு என்று நினைத்தது தோளுக்கு மேலே. நிஜமான இடுப்பில் நிறுத்தினால் எனக்கு முழங்காலில் நிறுத்தின மாதிரி இருக்கிறது. 

இப்போதைக்கு அளந்தது: 56-க்கு முழங்கால் 33, இடுப்பு 51, நெஞ்சு 68. 52-க்கு 39, 61, 80. 46 டிகிரியை இன்னும் தொடவில்லை. 50 யார்டுச் சாக்கு இப்போது கிழிய ஆரம்பித்திருக்கிறது, வாட்ச்மேன் அண்ணனுக்கு டீயும் தட்டுவடை செட்டும் கணக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. 40 மட்டும் இன்னும் உதைக்கிறது. முழங்கால் அளவில் பந்து சில சமயம் தரையோடு ஓடிவிடுகிறது, அதுவும் சாண்ட் வெட்ஜில்.

இன்னும் இரண்டு சந்தேகம். கொடைக்கானலில் ஒரு பந்துகூடச் சமதரையில் கிடக்காது, அங்கே இந்தக் கணக்கு எடுபடுமா? அப்புறம் மலை உயரத்தில் பந்து அதிக தூரம் போகும் என்கிறார்களே, அட்டையை மாற்றி எழுத வேண்டுமா?


காப்பிக்களம் (ஏற்காடு):

40-ல் ஓடுவதற்குக் காரணம் உங்கள் கை இல்லை, தரை. சாண்ட் வெட்ஜின் அடிப்பாகம் உருண்டு தடித்து இருக்கும். அதை பவுன்ஸ் என்பார்கள், மணலிலும் மெத்தென்ற புல்லிலும் குத்தாமல் வழுக்கிப் போவதற்காக வைத்தது. காய்ந்த செம்மண்ணில் அது தரையில் மோதி எகிறும், பிளேடு பந்தின் நடுவுக்கு ஏறிவிடும். வெறும் தரையில் 52-ஐ எடுங்கள், பெரும்பாலும் அதற்கு பவுன்ஸ் குறைவு. உங்கள் கணக்கிலேயே 52 முழங்கால் அளவில் 39 வருகிறது, பிறகென்ன. கோர்ஸில் புல் நன்றாக இருந்தால் 56-க்குத் திரும்பிவிடலாம். அதோடு, பயந்துகொண்டு கையை ரொம்ப முன்னால் சாய்க்காதீர்கள். சாய்த்தால் பவுன்ஸ் மறைந்து முன்விளிம்பு மண்ணைத் தோண்டும்.

கோயம்புத்தூரில் கிரீனுக்கு முன்னால் அருகம்புல் உங்களை எதிர்த்துப் படிந்திருந்தால் அதுவும் விளிம்பைப் பிடித்து இழுக்கும். அந்த மாதிரி இடத்தில் இன்னும் கொஞ்சம் தயக்கமில்லாமல் முடிக்க வேண்டும்.

சரிவு எனக்குப் பிடித்த விஷயம். எஸ்டேட்டில் இரண்டு தப்படி சமதரை என்றால் அதில் களம் போட்டுவிடுவோம், மிச்சமெல்லாம் சரிவுதான். நான் பந்து அடித்துப் பார்ப்பதும் அங்கேதான்.

இறக்கத்தில் நின்று அடிக்கும்போது தோள் இரண்டும் சரிவோடு சரிவாக இருக்கட்டும். நிமிர்ந்து நின்றால் பின்னால் இருக்கும் மேடு கிளப்பை முதலில் வாங்கிக்கொள்ளும். பந்தைக் கொஞ்சம் மேட்டுக்கால் பக்கம் வையுங்கள். அடித்த பிறகு கிளப்பின் தலை சரிவைத் தொடர்ந்து கீழேயே போகட்டும், பந்தைத் தூக்கிவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். இறக்கம் லாஃப்டைத் தின்றுவிடும். 56 அங்கே 50 மாதிரி நடந்துகொள்ளும், தாழ்வாகப் போய் ஓடும். அதனால் இறங்கும் இடத்தைக் கொடிக்கு நன்றாக முன்னால் எடுங்கள்.

ஏற்றத்தில் எல்லாம் தலைகீழ். பந்து உயரமாகப் போகும், தூரம் குறையும், இறங்கியதும் நிற்கும். ஓர் உயரம் கூட்டிக்கொள்ளுங்கள், இடுப்புக்குப் பதில் நெஞ்சு. ஏற்றத்தில் குறைவாக அடித்துவிட்டுப் பந்து உருண்டு காலடிக்கே திரும்பி வருவதைப் பார்க்கிற அனுபவம் யாருக்கும் வேண்டாம்.

பக்கச் சரிவு: பந்து காலைவிட உயரத்தில் இருந்தால் இடது பக்கம் போகும், தாழ்வில் இருந்தால் வலது பக்கம். லாஃப்ட் அதிகமாக இருக்க இருக்க இந்த விலகல் அதிகம், வெட்ஜில்தான் மோசமாகத் தெரியும். குறியை அதற்கேற்ப மாற்றுங்கள், வீச்சை மாற்றாதீர்கள். மலைப்பக்கம் பரவியிருக்கிற கிக்கூயு புல்லில் பந்து கொஞ்சம் உள்ளே அமுங்கினால் கிளப்பைப் பிடித்துக்கொள்ளும், அங்கே கிரிப்பை இறுக்கிப் பிடிப்பதில் தப்பில்லை. காலையில் பனி ஈரம் இருந்தால் கிளப்புக்கும் பந்துக்கும் நடுவில் பிடிமானம் போய்விடும். பந்து வழக்கத்தைவிட உயரமாகக் கிளம்பும், சுழற்சி இருக்காது, இறங்கி ஓடும். ஒவ்வோர் அடிக்கும் முன்னால் பிளேடைத் துடையுங்கள், ஒரு துண்டு பையில் தொங்கட்டும்.


ஃபேர்லாண்ட்ஸ் (இப்போது பெங்களூரு):

உயரத்தைப் பற்றி நான் சொல்லிவிடுகிறேன். காற்றின் அடர்த்தி குறைவதால் தூரம் கூடுவது உண்மை. 1,000 அடி உயரத்துக்குச் சுமார் 1 சதவீதத்துக்குக் கொஞ்சம் அதிகம் என்பது நடைமுறைக் கணக்கு. ஏற்காடு ஏறத்தாழ 5,000 அடி, கொடைக்கானல் 7,000 அடி. டிரைவர் (எல்லாவற்றையும்விட தூரம் அடிக்கிற கிளப்) முழு அடிக்குக் கொடைக்கானலில் 8 சதவீதம் வரை வரலாம், அது கண்ணுக்குத் தெரியும். ஆனால் காற்றின் தடை பந்தின் வேகத்தைப் பொறுத்தது. 50 யார்டு அடியில் பந்து மெதுவாகத்தான் போகிறது, காற்று அதை அவ்வளவாக இழுப்பதே இல்லை. ஓரிரண்டு யார்டுக்கு மேல் மாறாது. நம் ஆட்டத்தில் அந்த இரண்டு யார்டை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, அட்டை அப்படியே இருக்கட்டும்.

அதைவிடப் பெரிய மாற்றம் பந்திலிருந்து வரும். செம்மண்ணில் பழைய பந்துதான் அடிப்பீர்கள் என்று நினைக்கிறேன். கடினமான அயனோமர் உறை போட்ட விலை குறைந்த பந்து வெட்ஜில் சுழலாது, இறங்கி ஓடும். யூரித்தேன் உறை போட்டது சுழலும், இரண்டு துள்ளலில் நிற்கும். காற்றில் போகும் தூரம் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் கொடிக்கு முன்னால் எங்கே இறக்குவது என்பது மாறிவிடும். கோர்ஸில் ஆடுகிற அதே வகைப் பந்தில் கொஞ்சமாவது கிரீனிலேயே இறக்கிப் பாருங்கள். பெங்களூரு வரும்போது சொல்லுங்கள் அண்ணா, நானும் வருகிறேன்.


ஐந்துரோடு:

அப்ப என் 60 யாருக்கும் வேண்டாமா?


சேகோக்காரர்:

வேண்டும், கொடுங்கள். பங்கரில் ஆடிப் பார்க்கிறேன், 55 யார்டில் தொடமாட்டேன்.

காப்பிக்களம் ஐயா, வருகிற ஞாயிறு அந்தச் சரிவுக்கு வரலாமா? மரவள்ளிக் காட்டில் சரிவு கிடையாது.


காப்பிக்களம் (ஏற்காடு):

தாராளமாக வாங்க. சுற்றுலா வண்டிகள் ஏறுவதற்கு முன்னால், விடிந்ததும் கிளம்பி வந்துவிடுங்கள். பந்து பழையதாகவே கொண்டு வாருங்கள், காப்பிச் செடிக்குள் போனால் தேடுவதற்கு ஆள் விடமாட்டேன். சாக்கு நீங்கள் எடுத்து வர வேண்டாம், இங்கே இருக்கிறது.